அரசியின் பெயரும் எலுமிச்சையின் மணமும்

வீட்டு வளவில் நிற்கும் தேசி மரத்தின் இலையொன்றைக் கிள்ளி, விரல்களுக்கிடையே கசக்கி முகர்ந்து பாராதவர் நம்மிடையே மிகச் சிலரே. களைத்திருப்பவருக்குக் கிளர்ச்சியும், குமட்டல் கொண்டவருக்கு ஆறுதலும் தரும் மணம் அது. தேசி, எலுமிச்சை, நாரத்தை முதலியவற்றின் இலையிலும் தோலிலும் அதனை நாம் அறிவோம். கறிக்கும் தேநீருக்கும் இடுகின்ற எலுமிச்சைப் புல்லிலும் அதனை அறிவோம். ஆனால், எலுமிச்சை இனத்தோடோ புல்லினத்தோடோ எவ்வித உறவுமில்லாத செடியொன்றும் இதே மணத்தை வீசிக்கொண்டு உலகின் மறுகோடியில் வளர்ந்து வருகின்றது. அதுவே எலுமிச்சை வேர்பெனா என்னும் மூலிகைச் செடி.

பாரிஸ் நகரத்து இல்லங்களில் இரவுணவின் பின் அருந்தும் மூலிகை நீரில் மணப்பது இச்செடியின் இலை. மொறொக்கோ நாட்டவர் தேநீர்க் குவளையில் இடுவதும், ஆர்ஜென்டீனா நாட்டவர் தங்கள் மாத்தே பானத்தோடு சேர்ப்பதும் இதே இலைதான். இதன் மணத்தையும் பயனையும் பற்றி எழுதவே நாம் தொடங்கினோம். ஆயின், ஆராயுந்தோறும் இதன் பெயரைப் பற்றிய கதையே பெரிதாய் வளர்ந்தது. கடற்பயணம், சிறை, வழக்கு, ஏமாற்றம் ஆகிய யாவும் கலந்த கதை அது. அதனையும் வாசகர்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

செடியின் தோற்றம்

பொலிவியாவும் ஆர்ஜென்டீனாவின் வடமேற்குப் பகுதியும் இச்செடியின் பிறப்பிடங்களாகும். ஏறத்தாழ 2 முதல் 3 மீற்றர் வரை உயர்ந்து வளரும் செடி இது. இளங்கிளைகள் மெல்லியனவாயிருப்பினும் முதிர்ந்த தண்டு மரத்தன்மை பெற்றுவிடும். இலைகள் ஈட்டி முனை போல் நீண்டு ஒடுங்கியவை. தொட்டால் சற்றுச் சொரசொரப்பானவை. ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் வட்டமாக அமைந்திருத்தல் இதன் சிறப்பு அடையாளம். சிற்சில கணுக்களில் நான்கு இருத்தலும் உண்டு. கோடை காலத்திற் கிளை நுனிகளில் மிகச் சிறிய பூக்கள் கொத்தாக மலரும். வெண்மையும் இளம் ஊதாவும் கலந்த அப்பூக்களிற் பெரிய அழகு ஒன்றுமில்லை. இச்செடியின் செல்வம் முழுவதும் இலையிலேதான் இருக்கின்றது. குளிர்காலம் வந்ததும் அந்த இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்கோலாக நிற்கும். பட்டுப்போயிற்று என்று எண்ணிப் பிடுங்கி எறிந்துவிட்டு, பின்னர் வருந்துவோர் மேனாட்டுத் தோட்டக்காரரிடையே பலர்.

இது வேர்பெனாக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தினர் இருவரை நம் நாட்டிலும் காணலாம். வேலியோரங்களிலும் பாழ்நிலங்களிலும் பல நிறப் பூக்களுடன் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி ஒன்று. ஈரமான நிலத்திலே படர்ந்து கிடக்கும் பொடுதலை மற்றொன்று. உண்ணிச்செடியின் இலையைத் தொட்டுப் பார்த்தவர் அந்தச் சொரசொரப்பையும், கசக்கியதும் எழும் காரமான மணத்தையும் மறந்திருக்கமாட்டார். அது எலுமிச்சை மணமன்று. ஆயினும் குடும்பச் சாயல் தெரியும். தேக்கையும் நொச்சியையும் இக்குடும்பத்தில் வைத்துப் படித்த பழைய மாணவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவ்விரண்டையும் தாவரவியலார் இப்போது துளசியின் குடும்பத்திற்கு மாற்றிவிட்டனர்.

மணம் எங்கே இருக்கிறது?

இச்செடியின் அருகே சும்மா நின்றால் மணம் அவ்வளவாகத் தெரிவதில்லை. இலையைத் தொட்டு உரசியவுடனே எலுமிச்சம்பழத்தை அறுத்தாற் போன்ற மணம் எழுகின்றது. இதற்குக் காரணம் எளிது. இலையின் மேற்பரப்பில் நுண்ணிய சுரப்பி மயிர்கள் உள்ளன. மணமுள்ள எண்ணெய் அவற்றிற்குள்ளே அடைபட்டிருக்கின்றது. விரல் பட்டதும் அச்சுரப்பிகள் உடைய, எண்ணெய் காற்றோடு கலக்கின்றது. தன்னைக் கடிக்க வரும் பூச்சிகளுக்கும் பற்றவரும் பூஞ்சணங்களுக்கும் எதிராகச் செடி தேடி வைத்த காவல் அது. செடியின் ஆயுதம் மனிதனுக்கு வாசனைப் பொருளாயிற்று.

அந்த எண்ணெயிலுள்ள முக்கியமான பொருளுக்குச் சிட்ரால் என்று பெயர். எலுமிச்சம்பழத்தின் தோலில் உள்ள எண்ணெயிலும் இதுவே எலுமிச்சை மணத்தைத் தருவது. ஆனால், அங்கே சிட்ரால் நூற்றுக்குச் சில பங்கே இருக்கும். பெரும்பங்கு லிமொனீன் என்னும் வேறொரு பொருள். எலுமிச்சை வேர்பெனாவின் எண்ணெயிலோ ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சிட்ரால் இருத்தல் வழக்கம். நமது எலுமிச்சைப் புல்லின் எண்ணெயில் அது முக்காற்பங்கு வரையும் செல்லும். எலுமிச்சையின் மணத்தை எலுமிச்சையினும் மிகுதியாகச் சேர்த்து வைத்திருப்பவை இவ்விரண்டுமே என்றால் அது மிகையன்று. உறவில்லாத மூன்று செடியினங்கள், ஒன்றையொன்று காணாமலே, ஒரே பொருளை ஆக்கப் பழகிக்கொண்டன.

இப்பொருள் மூலிகை நீரோடு நின்றுவிடவில்லை. 1893ஆம் ஆண்டில் ஜேர்மனிய இரசாயன அறிஞர் தீமான், சிட்ராலிலிருந்து ஊதாப்பூவின் மணமுடைய அயோனோன் என்னும் பொருளை ஆக்கிக் காட்டினார். அதுவரை மலையளவு பூவைப் பிழிந்து துளியளவு பெற்ற மணத்தை, அதன் பின் எலுமிச்சைப் புல்லின் எண்ணெயைக் கொண்டே உண்டாக்க முடிந்தது.

கடல் கடந்த கதை

தென்னமெரிக்க மக்கள் இச்செடியை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஐரோப்பியத் தாவரவியலாருள் இதனைச் சேகரித்தோரில் முதல்வராகப் பிலிபேர் கொமெர்சன் என்னும் பிரெஞ்சு அறிஞரைச் சொல்வதுண்டு. பூகன்வில் தலைமையில் உலகைச் சுற்றிச் சென்ற கப்பற் பயணத்தின்போது, 1767ஆம் ஆண்டளவில் புவனஸ் அயர்ஸ் பகுதியில் அவர் இதனைக் கண்டார். ஆண் வேடம் பூண்டு அவருக்கு உதவியாளராகச் சென்ற ஜீன் பாரே என்னும் பெண்மணியே உலகைச் சுற்றிவந்த முதற்பெண் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

எனினும், நம் கதையின் நாயகர் வேறொருவர். ஜோசப் டொம்பே என்பது அவர் பெயர். 1742ஆம் ஆண்டிற் பிரான்சிலே பிறந்து, மருத்துவம் கற்று, செடிகளின் மீது கொண்ட காதலால் தாவரவியலாளர் ஆனவர். பேரு நாடு அக்காலத்தில் ஸ்பானிய அரசின் கீழ் இருந்தது. அங்குள்ள தாவரங்களை ஆராய விரும்பிய பிரெஞ்சு அரசு ஸ்பெயினின் அனுமதியைக் கேட்டுப் பெற்றது. ஸ்பானியத் தாவரவியலாளர்களான ருயிஸ், பவோன் என்னும் இருவருடனும் சேர்ந்து செல்லவேண்டும் என்பது நிபந்தனை. 1777 நவம்பரிற் காடிஸ் துறைமுகத்தை விட்ட அவர்கள், 1778 ஏப்ரலிற் பேருவை அடைந்தனர்.

அதன்பின் ஏழாண்டுகள் டொம்பே பேருவிலும் சிலியிலும் மலையும் காடும் அலைந்து செடிகளைத் தேடினார். தேடியவற்றை உலர்த்தி, தாள்களிடையே வைத்து, பெட்டி பெட்டியாகச் சேர்த்தார். சிலி நாட்டிலே கொள்ளைநோய் பரவியபோது, சேகரிப்பை ஒருபுறம் வைத்துவிட்டு நோயாளருக்கு மருத்துவம் செய்யச் சென்ற பெருமனத்தினர் அவர்.

1785ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உடல்நலம் குன்றிய நிலையில், தம் பெட்டிகளோடு காடிஸ் துறைமுகத்திற்குத் திரும்பி வந்தார். அங்கேதான் பேரிடி காத்திருந்தது. அவருடைய பெட்டிகளை ஸ்பானிய அதிகாரிகள் தடுத்து வைத்தனர். சேகரித்தவற்றிற் பாதியைத் தங்களிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்றனர். ருயிசும் பவோனும் திரும்பி வரும் வரையில் டொம்பே தம் ஆராய்ச்சியை வெளியிடலாகாது என்றும் வாக்குறுதி கேட்டனர். மாதங்கள் கழிந்தன, கிடங்கிற் கிடந்த செடிகள் கெட்டழிந்தன. எஞ்சியவற்றோடு பாரிஸை அடைந்த டொம்பே மனமுடைந்த மனிதராயிருந்தார். அவ்வாறு தப்பி வந்த சிலவற்றுள் நமது எலுமிச்சை வேர்பெனாவும் ஒன்று.

பாரிஸில் லெரித்தியே என்னும் நீதிபதி ஒருவர் இருந்தார். தாவரவியலிலே பேரீடுபாடு உடையவர். டொம்பே வாக்குறுதியாற் கட்டுண்டிருந்தமையால், அச்சேகரிப்பை வெளியிடும் பணியை லெரித்தியே ஏற்றார். ஸ்பானிய அரசு ஆட்சேபித்தது. சேகரிப்பைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளை பிறக்கப்போவதை அறிந்ததும், லெரித்தியே 1786ஆம் ஆண்டில் உலர்ந்த செடிகளையெல்லாம் அவசரமாகக் கட்டிக்கொண்டு லண்டனுக்குச் சென்றுவிட்டார். அங்கே ஓராண்டுக்கு மேலாகத் தங்கி ஆராய்ந்தார். உலர்ந்த இலைக்கட்டுக்காக ஒரு நீதிபதி நாட்டை விட்டு ஓடினார் என்பது இக்காலத்தில் நம்பக் கடினமான செய்தியே. ஆனால், உலகத்தின் செடிகளுக்கெல்லாம் முதலிற் பெயரிடும் உரிமை யாருக்கு என்று அரசுகள் போட்டியிட்ட காலம் அது.

டொம்பேயின் முடிவு இன்னும் துயரமானது. 1794ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அவரை ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்பியது. அப்போது புதிதாக வகுக்கப்பட்டிருந்த மெற்றிக் முறையின் நீள அளவுகோலொன்றையும், ஒரு கிலோகிராமுக்குரிய செம்பு எடையொன்றையும் அவர் எடுத்துச் சென்றார். புயலில் அகப்பட்ட கப்பல் மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம் ஒதுங்கியது. பின்னர் கடற்கொள்ளையர் கையிற் சிக்கிய டொம்பே, மொன்செரற் தீவின் சிறையிலே அவ்வாண்டிலேயே உயிர்நீத்தார்.

பெயர் யாருக்கு?

இதற்கிடையில் மட்றிட் நகரில் வேறொரு காட்சி நடந்துகொண்டிருந்தது. அங்குள்ள அரச தாவரவியற் பூங்கா 1781ஆம் ஆண்டில் நகரின் நடுவிலே புதிய இடத்திற்கு மாற்றப்பட்டது. டொம்பே நாடு திரும்புமுன்பே இச்செடி அப்பூங்காவை அடைந்திருந்தது. பூங்காவின் பேராசிரியர்களுள் ஒருவரான பலாவு 1784ஆம் ஆண்டில் இதற்கு அலோய்சியா சிட்ரொடோரா என்று பெயரிட்டு வெளியிட்டார். அலோய்சியா என்பது லுயிசா என்னும் பெயரின் லத்தீன் வடிவம். அப்போது பட்டத்து இளவரசரின் மனைவியாயிருந்து, 1788ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு அரசியான மரியா லுயிசாவைக் கௌரவிக்க வைத்த பெயர் அது. சிட்ரொடோரா என்றால் எலுமிச்சை மணமுடையது என்பது பொருள்.

லெரித்தியே இதனை 1785ஆம் ஆண்டின் இறுதியிலோ அடுத்த ஆண்டின் தொடக்கத்திலோ தம் நூலில் வேர்பெனா டிரிபில்லா, அதாவது மூவிலை வேர்பெனா, என்று வருணித்தார். 19ஆம் நூற்றாண்டில் மற்றோர் அறிஞர் இதனை லிப்பியா என்னும் இனத்திற் சேர்த்தார். நம் பொடுதலைக்கும் ஒரு காலத்தில் லிப்பியா என்னும் இனப்பெயரே வழங்கியமையால், அந்நாளில் இரண்டும் ஒரே வீட்டுப் பெயரைத் தாங்கி நின்றன. 20ஆம் நூற்றாண்டில் அலோய்சியா டிரிபில்லா என்னும் பெயர் நெடுநாள் வழங்கிற்று. முதலில் முறையாக வெளியிடப்பட்ட பெயருக்கே உரிமை என்பது தாவரவியலாரின் விதி. இறுதியில் அவ்விதியின்படி, ஏறத்தாழ ஈராண்டு முந்திய பலாவுவின் பெயரே நிலைத்தது.

ஆக, அரசிக்குச் செடி கிடைத்தது. அலைந்த டொம்பேக்கோ இதன் பெயரிற் பங்கில்லை. அவர் பெயரால் டொம்பேயா என்றோர் இனம் இருக்கின்றது என்பது உண்மைதான். ஆனால், அவ்வினச் செடிகள் அவர் ஏழாண்டு அலைந்த தென்னமெரிக்காவுக்கு உரியனவல்ல. ஆபிரிக்காவுக்கும் மடகஸ்காருக்கும் உரியன. விதியின் விளையாட்டு என்று இதனைச் சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

பெயரால் வரும் மயக்கம்

பெயரின் விளையாட்டு இதனோடு முடியவில்லை. ஸ்பெயினில் இச்செடியை லுயிசா மூலிகை என்னும் பொருள்பட எர்பா லுயிசா என்பர். மொறொக்கோவில் லுயீசா என்பர். ஆனால், பேரு நாட்டுச் சந்தையிலே சென்று எர்பா லுயிசா கேட்டால், கடைக்காரர் எடுத்துத் தருவது எலுமிச்சைப் புல்! ஆசியாவிலிருந்து சென்ற நம் புல், அங்கே ஸ்பானிய அரசியின் பெயரைச் சூடிக்கொண்டுவிட்டது. அந்நாட்டில் எலுமிச்சை வேர்பெனா வேண்டுமாயின் செத்றோன் என்று கேட்டல் வேண்டும்.

மறுபுறத்தில், கொச்சித் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியான எலுமிச்சைப் புல் எண்ணெயை ஐரோப்பிய வணிகர் இந்திய வேர்பெனா எண்ணெய் என்று விற்றனர். உண்மையான வேர்பெனா இலையில் எண்ணெய் மிகக் குறைவு. ஆகையால் விலை மிக அதிகம். புல்லின் எண்ணெயோ மலிவு. வேர்பெனா என்ற பெயரோடு வந்த சவர்க்காரங்களிலும் வாசனை நீர்களிலும் பெரும்பாலும் மணந்தது புல்லே என்று அறிதல் வேண்டும். பிரான்சிலோ மற்றொரு குழப்பம்: வேர்வேன் என்னும் ஒரே சொல்லால் இச்செடியையும், எலுமிச்சை மணம் சிறிதுமற்ற கசப்பு மூலிகையான பொது வேர்பெனாவையும் குறிப்பர்.

இது வெறும் சொல் விளையாட்டன்று. மூலிகை வாங்குவோருக்கு இதில் ஆபத்தும் உண்டு. ஒரு செடியின் குணத்தை நூலிற் படித்துவிட்டு, அதே பெயருடைய வேறொரு செடியை உட்கொள்வதால் வரும் தீங்கை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் ஊரிலும் ஒரே மூலிகைப் பெயர் இடத்துக்கு இடம் வெவ்வேறு செடிகளைக் குறிப்பதை வைத்தியர்கள் நன்கறிவர். பெயரைக் கேட்டு மருந்து வாங்கலாகாது. இலையைப் பார்த்தும், கசக்கியும், முகர்ந்தும் அறிந்தே வாங்குதல் வேண்டும்.

பயன்கள்

இதன் தலையாய பயன் மூலிகை நீரே. ஐந்தாறு இலைகளைக் குவளையிலிட்டுக் கொதிநீரை ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்து வடித்து அருந்துவர். மூடி வைத்தல் முக்கியம். இன்றேல் மணம் ஆவியோடு போய்விடும். தேயிலையிலுள்ள கிளர்ச்சிப் பொருளான கஃபீன் இதில் இல்லாமையால் இரவிலும் அருந்தலாம். உணவு செரியாமைக்கும், வயிற்றுப் பொருமலுக்கும், மன அமைதியின்மைக்கும், நல்லுறக்கத்திற்கும் இதனை அருந்துதல் நெடுநாளைய வழக்கம். ஐரோப்பிய மருந்து நிறுவனமும் அந்த நீண்டகாலப் பழக்கத்தை அடிப்படையாகக் கொண்டு, இத்தகைய சிறிய உபாதைகளுக்கு இதனை ஏற்றுள்ளது. கடுமையான நோயை இது தீர்க்கும் என்று யாராவது கூறின், அதனை நம்பவேண்டியதில்லை.

சமையலில் மீனுக்கும் கோழிக்கும் மணமூட்ட இதன் இலையை இடுவர். பழப்பாகு, பாற்பண்டம் முதலிய இனிப்புகளிலும் சேர்ப்பர். பிரான்சின் லெ புய் நகரில் 1859ஆம் ஆண்டிலே தோன்றிய ஒருவகை மதுவும் வேர்பெனாவின் பெயரையே தாங்கியது. உலர்ந்த இலை நெடுங்காலம் மணம் மாறாதிருப்பது இச்செடியின் தனிச்சிறப்பு. இதனால் சிறு துணிப்பையில் இட்டுத் துணி அலுமாரியில் வைப்பதும் வழக்கமாயிற்று.

ஆனால், இலை வேறு. அதிலிருந்து வடித்த எண்ணெய் வேறு. அவ்வெண்ணெய் தோலிலே ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது. ஆகவே, வாசனைப் பொருளாக அதனை அழகுசாதனங்களிற் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துள்ளது. இயற்கைப் பொருள் என்றால் தீங்கற்றது என்று எண்ணும் நம்மவருக்கு இது நல்ல பாடமாகும்.

வளர்க்கும் முறை

நல்ல வெயிலும், நீர் தேங்காத மண்ணும் இதற்கு வேண்டும். உறைபனியைத் தாங்காது, ஆகையால், குளிர்நாடுகளிற் சாடியில் வைத்து, மாரி காலத்தில் வீட்டினுள்ளே எடுத்து வைப்பர். விதையினும் தண்டை நட்டு வளர்த்தலே எளிது. இளந்தண்டொன்றை வெட்டி, கீழிலைகளை நீக்கி, ஈரமணலில் ஊன்றினால் சில வாரங்களில் வேர் விடும். அடிக்கடி நுனி கிள்ளினால் கிளைத்துப் பெருகும். பிரித்தானியத் தோட்டங்களுக்கு 1784ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் சிப்தோர்ப் மூலம் அறிமுகமான இச்செடி, சில ஆண்டுகளுக்குள் லண்டன் நகரத்துக் கண்ணாடி வீடுகளிலெல்லாம் பரவியதற்கு இவ்வெளிமையே காரணம் எனலாம்.

அரசி மரியா லுயிசா 1819ஆம் ஆண்டில் மறைந்தார். பெட்டிகளைத் தடுத்து வைத்த அதிகாரிகளின் பெயர்களை இன்று யாரும் நினைப்பதில்லை. செடிக்கட்டுடன் ஓடிய லெரித்தியே 1800ஆம் ஆண்டிற் பாரிஸ் தெருவொன்றிற் கொலையுண்டார். கொன்றவர் யாரென்பது துலங்கவேயில்லை. இத்தனை பேரும் பெயருக்காகப் போராடிய செடியோ, எப்பெயரால் அழைத்தாலும், கசக்கிய விரலுக்கு ஒரே மணத்தையே தந்து வருகின்றது. அடுத்த முறை தேசி இலையைக் கசக்கி முகரும்போது, அதே மணத்தைப் பெட்டியில் அடைத்துக் கடல் கடந்து வந்து, துறைமுகத்துக் கிடங்கின் வாயிலிலே காத்து நின்ற அந்த மனிதரை நாம் ஒருகணம் நினைத்துக்கொள்வோமாக.